நாற்பத்தேழாம் பக்கம்

காலை ஒன்பது மணிக்கே அமுதவல்லி களைத்துப் போயிருந்தாள். வேலை செய்து வந்த களைப்பு இல்லை அது. புதுச்சேரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, "மேடம், இந்தப் புக்கு எங்க இருக்குது?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வந்த களைப்பு. வேலையை விட்டுவிட்டு, கீழ்புத்துப்பட்டில் ஒரு மொபைல் கடைக்கு மேலே 'அமுதம் துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டி ஆறு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை சொன்ன டிகிரி உண்மையா, வேலைக்கு வந்தவன் கொடுத்த சர்ட்டிபிகேட் உண்மையா என்பதைத் தாண்டி இதுவரை ஒரு கொலை கூட வரவில்லை. வந்திருந்தாலும் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

உதவியாளன் கலையரசன் முன்னாள் ஆட்டோக்காரன், நாற்பது வயது. ஆட்டோவை விற்றுவிட்டான். வாய் மட்டும் இன்னும் மீட்டர் போடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

லேப்டாப் பையை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்த பெண்ணை அவன்தான் முதலில் பார்த்தான்.

"உட்காரும்மா. மாப்பிள்ளையப் பத்தி விசாரிக்கணுமா?"

"இல்லண்ணா. ஒரு ரிப்போர்ட்டப் பத்தி விசாரிக்கணும்."

"ரிப்போர்ட்டு யாரக் கட்டிக்கப் போவுது?"

அவள் சிரிக்கவில்லை. பெயர் ஜெர்லின். மரக்காணம் சொந்த ஊர். புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. கடைசி வருஷம் படிக்கிறாள். கண்ணுக்குக் கீழே நாலு நாள் தூக்கம் பாக்கியிருந்தது.

"உப்பளத்துல வேலை செய்யற பொம்பளைங்களோட பார்வைதான் என் தீசிஸ் மேடம். வீடு வீடா போய் இருநூத்தி மூணு பேரப் பார்த்தேன். எண்பத்தி மூணு பேருக்குப் பார்வை குறைஞ்சிருக்குது. வெயில்ல உப்பு மேல பட்டு வர்ற வெளிச்சம் அப்படி. கண்ணாடி யாருக்கும் குடுக்கறதில்ல."

"சரி. அதுல என்ன பிரச்சனை?"

"எங்க ஹெச்.ஓ.டி. மோகன் சார் நம்ப மாட்றார். 1997ல இதே ஊர்ல ஒரு கண் கேம்ப் நடந்திருக்குது. நூத்திப் பன்னெண்டு பொம்பளைங்களப் பார்த்துட்டு, ஒருத்தருக்குக் கூட குறையில்லன்னு ரிப்போர்ட் போட்டிருக்காங்க. பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தப் பதினாலு ஆராய்ச்சிக் கட்டுரை எடுத்து எழுதியிருக்குது. பதினாலு பேர் இல்லன்னு சொல்றப்ப நீ ஒருத்தி மட்டும் இருக்குதுன்னா, ரூம்ல உட்கார்ந்து டேட்டாவ நீயே எழுதிட்டியான்னு கேக்கறார்."

"எழுதினியா?"

ஜெர்லின் நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல மேடம்."

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். தப்பா நினைக்காத. எத்தனை நாள் டைம்?"

"இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணி. பழைய ரிப்போர்ட் ஏன் தப்புன்னு விளக்கம் எழுதி போர்ட்டல்ல ஏத்தணும். இல்லன்னா பொய் டேட்டான்னு குறிச்சு தீசிஸ ரத்து பண்ணிடுவாங்க. டிகிரி கெடையாது." அவள் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "எங்கம்மா முப்பது வருஷமா உப்பு வாரி என்னைப் படிக்க வச்சாங்க மேடம்."

இந்த மாதிரிக் கடைசி நாளில் ஓடி வருகிற பிள்ளைகளை நூலகத்தில் ஆயிரம் பேர் பார்த்தாகிவிட்டது. வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகுதான் யாருக்கும் நூலகம் நினைவுக்கு வரும். போய் வா என்று சொல்லிவிட அமுதவல்லிக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"அந்த 97 ரிப்போர்ட்ட நீ பார்த்தியா?"

"எங்கயும் கெடைக்கல மேடம்."

"மோகன் சார் பார்த்தாரா?"

"அவரும் பார்த்ததில்லன்னு நினைக்கறேன்."

"அந்தப் பதினாலு பேரு?"

ஜெர்லின் பையை மடியில் இறக்கினாள்.

"லேப்டாப்பத் தெற. உங்க காலேஜ் லைப்ரரி பாஸ்வேர்டு போடு" என்றாள் அமுதவல்லி.

கல்லூரி நூலகத்தின் டேட்டாபேஸ் திறந்தது. பதினாலு கட்டுரைகளையும் தேடி வரிசையாக இறக்கி வைப்பதற்குள் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. அமுதவல்லி எதையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் நேராகக் கடைசிக்குப் போய், அடியில் இருக்கிற ஆதாரப் பட்டியலை மட்டும் பார்த்தாள்.

"மேடம் கல்யாணப் பத்திரிகையக் கூட பிரஸ் பேர்லேர்ந்துதான் படிப்பாங்க" என்று ஜெர்லினுக்கு விளக்கினான் கலையரசன்.

"சும்மா இருக்காம இதக் குறிச்சுக்க. முதல் கட்டுரை, 2003. ஆதாரம் 97 கேம்ப் அறிக்கை, பக்கம் நாற்பத்தேழு. ரெண்டாவது, 2006. பக்கம் நாற்பத்தேழு. மூணாவதுல பக்கம் போடல. நாலாவது, நாற்பத்தேழு."

பதினாலில் ஒன்பது கட்டுரைகள் நாற்பத்தேழாம் பக்கத்தைச் சொல்லின. மற்ற ஐந்தில் பக்கமே இல்லை. அமுதவல்லி அத்தோடு விடாமல், பல நூலகங்கள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பட்டியலுக்குள் போனாள். அரை மணி நேரம் தேடினாள். தலைப்பைப் போட்டால் வரவில்லை, வருஷத்தைப் போட்டால் வரவில்லை. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதிப் பார்த்ததில் மூன்றாவதற்கு ஒரே ஒரு வரி வந்து நின்றது.

கண் பரிசோதனை முகாம் அறிக்கை, மரக்காணம், 1997. பதினாறு பக்கங்கள். முழு வடிவம் இணையத்தில் இல்லை. எழுதி நூலகத்துக்கு அளித்தவர்: அருள்பிரகாசம், மரக்காணம்.

"பதினாறு பக்கம்" என்றாள் ஜெர்லின் மெதுவாக.

"பதினாறு பக்க புக்குல நாற்பத்தேழாம் பக்கம்" என்றான் கலையரசன். "மேல மாடி எடுத்துக் கட்டியிருப்பாங்க."

அமுதவல்லி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலேஜ்ல எக்ஸாம் ஹாலுக்கும் என்னைத்தான் நிக்க வைப்பாங்க. அங்க கத்துக்கிட்டது இது. பத்து பேர் சரியான விடை எழுதினா பத்து பேரும் படிச்சிருக்கலாம். பத்து பேர் ஒரே தப்ப எழுதினா, எழுதினவன் ஒருத்தன். மத்தவங்க அவன் பக்கத்துல உட்கார்ந்தவங்க. 2003ல ஒருத்தர் தப்பா நாற்பத்தேழுன்னு போட்டிருக்கார். பின்னால வந்தவங்க அவரைப் பார்த்து எழுதியிருக்காங்க. ரிப்போர்ட்ட யாரும் தொட்டதே இல்ல."

"அப்போ பதினாலு ஆதாரம் இல்லையா மேடம்?"

"ஒண்ணுதான். பதினாலு சட்டை போட்ட ஒண்ணு."

ஜெர்லின் முகத்தில் நாலு நாளில் முதல் தடவையாக ரத்தம் ஓடியது. "அப்போ ரிப்போர்ட் பொய்தானே?"

"அவசரப்படாத. அவங்க படிக்கலன்னுதான் இப்போ தெரியுது. படிக்காதவன் சொல்லிட்டான்கறதுக்காக உண்மை பொய்யாகிடாது."

"கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு புத்தி எங்க போச்சுன்னு சொல்வாங்க. இங்க கேட்ட பதினாலு பேருமே டாக்டர் பட்டம் வாங்கினவங்க" என்றபடி கலையரசன் கார் சாவியை எடுத்தான். "வாங்க மேடம். நெய் எங்க வடியுதுன்னு போய்ப் பார்த்துடலாம்."

*

கலையரசனின் பழைய மாருதியில் ஏ.சி. என்ற பட்டன் மட்டும் உண்டு. பங்குனி வெயிலில் ஈ.சி.ஆர். முழுக்க அனல் பறந்தது. அமுதவல்லி முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டாள், தூங்கவில்லை. பின்னால் அந்தப் பெண் போர்ட்டலைத் திறந்து திறந்து நேரம் பார்ப்பது கேட்டுக்கொண்டிருந்தது. ஜெயிப்போம் என்று அமுதவல்லிக்குத் தோன்றவில்லை. அச்சில் ஏறிவிட்ட ஒரு பூஜ்யத்தை இறக்குவது அவ்வளவு சுலபமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"மேடம், எனக்கென்னவோ அந்த அருள்பிரகாசம் கேம்ப்பே நடத்தல. வீட்ல உட்கார்ந்து டீ குடிச்சிக்கிட்டே பூஜ்யம் போட்டிருக்கார். பூஜ்யம் போடறது சுலபம். எண்பத்தி மூணுன்னா பேர் எழுதணும்."

"எனக்கும் அதான் தோணுது" என்றாள் அமுதவல்லி.

உப்பளம் வந்ததும் அவளுக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. சாலைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை. கலையரசன் கூட வாயை மூடிக்கொண்டு கூலிங் கிளாஸைத் தேடினான்.

அருள்பிரகாசத்தின் வீடு சர்ச்சுக்குப் பின் தெருவில் இருந்தது. எழுபதை ஒட்டிய வயது. ஒரு தொண்டு நிறுவனத்தில் கண் பரிசோதனை செய்கிறவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறந்தார்.

விஷயத்தைக் கலையரசன் பாதி சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பதினாலு பேரா? என் ரிப்போர்ட்டையா எடுத்து எழுதியிருக்காங்க?"

"ஆமாங்க சார்" என்றாள் அமுதவல்லி. அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"யாரும் எனக்குச் சொல்லலயே. நான் எழுதினது அது ஒண்ணுதான். அந்தப் பதினாலு பேர் பேரையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்க முடியுமாம்மா?"

"தர்றேன் சார். அதுக்கு முன்ன ஒண்ணு. அந்தக் கேம்ப்புக்கு ரெக்கார்டு ஏதாவது உங்ககிட்ட இருக்குதா?"

இல்லை என்று சொல்லப் போகிறார் என்று மூவரும் காத்திருந்தார்கள். அவர் உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து வந்தார். அதிலிருந்து முதலில் அறிக்கை வந்தது. பதினாறு பக்கம், எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை. அதன் பின்னால் சணல் கயிறு போட்டுக் கட்டிய படிவங்கள் வந்தன. ஒரு பெண்ணுக்கு ஒரு படிவம். பெயர், வயது, எந்த உப்பளம், கீழே கையெழுத்து அல்லது கைநாட்டு. நூற்றுப் பன்னிரண்டும் இருந்தன.

அமுதவல்லி இருபது படிவங்களைப் புரட்டினாள். கையெழுத்துகள் இருபது விதம். கைநாட்டில் ரேகைகள் வேறு வேறு. சில தாள்களில் ஈரக் கை பட்டு மை பரவியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. இந்தப் பெண்கள் வந்திருக்கிறார்கள், வரிசையில் நின்றிருக்கிறார்கள், சோதனை நடந்திருக்கிறது. ஒருவருக்கும் குறை இல்லை.

"உண்மைதான்" என்றாள் அமுதவல்லி. அந்த ஒரு வார்த்தை சொல்லவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஜெர்லின் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மணி இரண்டரை. "அப்போ என்னோடதுதான் தப்பா மேடம்? நான் பார்த்தது எல்லாமே தப்பா?"

என்ன நடக்கிறது என்று புரியாமல் அருள்பிரகாசம் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தார். சும்மா இருக்க முடியாத கலையரசன் தரையில் உட்கார்ந்து படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"இந்த அம்பு அம்பா போட்டிருக்கறது என்னாங்க சார்?"

"அதான் டெஸ்ட்டு. படிக்காதவங்களுக்குன்னு ஒரு சார்ட்டு. எழுத்து இருக்காது. மூணு கால் நீட்டின மாதிரி கறுப்பா ஒரு குறி, அவ்வளவுதான். கால் எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தப் பக்கம் கை காட்டணும். முதல் வரியில பெரிசா ஒண்ணு, அடுத்த வரியில கொஞ்சம் சிறுசா ரெண்டு, அப்படியே ஆறாவது வரியில பொடிசா ஆறு. மொத்தம் இருபத்தோரு குறி. அவங்க காட்டற பக்கத்த என் கூட இருந்த பையன் அம்பு போட்டு எழுதிக்குவான். ஒரு தப்பு வரைக்கும் பாஸ்."

"எல்லாரும் நல்லா பாஸ் பண்ணியிருக்காங்க சார். ஒரே ஒரு தப்புதான். இந்த அக்காவுக்கு ஆறாவது வரியில மூணாவது தப்பு. இந்த அக்காவுக்கும் ஆறாவது வரியில மூணாவது." கலையரசன் புரட்டிக்கொண்டே போனான். "இங்கயும் அதே மூணாவதுதான். மேடம், இவங்களுக்கும் மாடி எடுத்துக் கட்டிட்டாங்க போல."

அமுதவல்லி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கட்டைக் குடு."

அவள் தரையில் உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இருபது நிமிஷம் ஆனது. ஆறாவது வரியில் மூன்றாவது குறி மேலே பார்க்கிறது. நூற்றுப் பன்னிரண்டு பெண்களும் அதைக் கீழே என்று காட்டியிருந்தார்கள். வேறு எதிலும், ஒருவரும், ஒரு தப்பும் செய்யவில்லை.

"நாற்பத்தேழாம் பக்கம்" என்றாள் ஜெர்லின். அவள் எப்போது எழுந்து பின்னால் வந்து நின்றாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அவங்க எப்படிக் கை காட்டினாங்கன்னு ஞாபகம் இருக்குதா?"

அருள்பிரகாசம் யோசித்தார். "இருக்குதும்மா. வேடிக்கையா இருந்துச்சு. ஒரு விரல்ல காட்டச் சொன்னேன். எல்லாரும் ரெண்டு கையாலயும் காட்டினாங்க. உப்பு வார்ற பலகையப் பிடிச்சு, கீழன்னா இழுக்கற மாதிரி, மேலன்னா தள்ற மாதிரி. வேலைப் பழக்கம்னு நினைச்சேன்."

"நீங்க அவங்க கண்ணப் பார்த்தீங்களா?"

"நூத்திப் பன்னெண்டு பேரும்மா. சாயங்காலம் ஆயிடுச்சு. கையத்தான் பார்த்தேன்." சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கேம்ப் அன்னைக்கு வாசல்ல யார் இருந்தாங்க சார்?"

"உப்புப் பாத்திய குத்தகைக்கு எடுத்திருந்தவரோட ஆள் ஒருத்தன். வேலைக்கு ஆள் கூட்டறவன். பந்தலும் டீயும் அவங்க செலவு. ரிசல்ட்டு ஒரு காப்பி கேட்டிருந்தாங்க." அவர் குரல் இறங்கிவிட்டது. "தப்பா ஒண்ணும் தோணலம்மா அப்போ."

அமுதவல்லி படிவங்களை எண் வரிசைப்படி அடுக்கினாள். "இது நூத்திப் பன்னெண்டு பேரோட டெஸ்ட்டு இல்ல சார். ஒரே ஒருத்தியோட கண்ண நூத்திப் பன்னெண்டு தடவை பார்த்திருக்கீங்க. முதல்ல போனவளுக்கு அந்தக் குறி நிஜமாவே சரியாத் தெரியல, கீழன்னு காட்டிட்டா. வெளியில வந்து மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கா. அவங்க அவ தப்பையும் சேர்த்துப் படிச்சிட்டாங்க. முதல் நம்பர் யாருன்னு பார்த்து, அந்தம்மா உயிரோட இருந்தா, இருந்து சொன்னா, உனக்கு விளக்கம் ரெடி."

முதல் படிவத்தை ஜெர்லினிடம் நீட்டினாள்.

ஜெர்லின் அதை வெகு நேரம் பார்த்தாள்.

"லீமா. வயசு இருபத்தி நாலு" என்று படித்தாள். "இது எங்கம்மா கையெழுத்து மேடம்."

*

கலையரசன் போய் லீமாவைக் கூட்டி வந்தபோது மணி மூன்றே முக்கால். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, பாதம் இரண்டும் உப்பில் வெடித்திருந்தன. வாசற்படியைக் காலால் தடவிப் பார்த்து ஏறினாள். மகள் அங்கே இருப்பது குரல் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அமுதவல்லி சுற்றி வளைக்கவில்லை. படிவத்தை அவள் கையில் கொடுத்து, தொண்ணூற்றேழு கேம்ப் என்று மட்டும் சொன்னாள்.

லீமா அதைப் படிக்கக்கூட முயலவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"செல்லம்மாக்கா அழுதுச்சு" என்றாள். "எனக்கு அடுத்து அதுதான் நின்னுது. புருஷன் செத்து ரெண்டு பிள்ளைங்க. கண்ணு அப்பவே பாதி தெரியாது. வாசல்ல நின்னவன் சொல்லிட்டான், பார்வை இல்லாதவளுக்கு அடுத்த சீசன் கூடை கெடையாது, வேலை கெடையாதுன்னு. நான் உள்ள போய்ட்டு வந்தேன். என்ன காட்டினேனோ அத வெளிய வந்து காட்டினேன். இழு, தள்ளு, வலது, இடது. பாத்தியில செய்யறதுதானே, கை புடிச்சிக்கிச்சு. அதப் பார்த்து பின்னால நின்னதுங்களும் புடிச்சிக்கிச்சுங்க."

"யார்கிட்டயும் சொல்லலயா லீமாக்கா?" என்று கேட்டான் கலையரசன். இந்த முறை அவன் குரலில் கிண்டல் இல்லை.

"சர்ச்சுல சாமியார்கிட்ட, பாவசங்கீர்த்தனத்துல கூட சொன்னதில்லப்பா. பாவம்னு தோணல. ஒருத்தி கூட வேலை இழக்கல."

"அம்மா, அந்த ரிப்போர்ட்டாலதான் எனக்கு இப்போ டிகிரி இல்லன்றாங்க" என்றாள் ஜெர்லின். "இருபத்தெட்டு வருஷமா யாருக்கும் கண்ணாடி குடுக்காததும் அதாலதாம்மா. குறையே இல்லன்னு எழுதியிருக்குதே, எதுக்குக் கண்ணாடின்னு கேப்பாங்க."

லீமாவுக்கு இது புதிது. மடியில் இருந்த படிவத்தை இரண்டு தடவை நீவினாள். அறையில் இருந்த எல்லோருக்கும் அவளைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"என் பேரப் போட்டுக்க. மத்தவங்க பேரு வாணாம். பாதிப் பேரு இன்னும் பாத்தியிலதான் நிக்கறாங்க."

"உங்க பேர் போதும்மா" என்றாள் அமுதவல்லி. "ஆனா வாயால சொன்னா மோகன் சார் ஒத்துக்க மாட்டார். பெத்தவ பொண்ணுக்காகப் பேசறான்னுவார். அந்த இருபத்தோரு குறியும் இன்னும் ஞாபகம் இருக்குதா?"

லீமா கையைத் துடைத்துக்கொண்டாள். அருள்பிரகாசம் பெட்டியின் அடியிலிருந்து பழைய சார்ட்டை எடுத்துச் சுவரில் மாட்டினார். கலையரசன் போனில் வீடியோ எடுத்தான். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள் அமுதவல்லி.

லீமா கண்ணை மூடினாள். இல்லாத பலகையை இரண்டு கையாலும் பிடித்து, வலது பக்கம் ஒதுக்கினாள். இழுத்தாள். தள்ளினாள். இடது. ஒரு தயக்கமும் இல்லை. ஜெர்லின் படிவத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். ஆறாவது வரியில் முதல் குறி சரி. இரண்டாவது சரி. மூன்றாவதற்கு லீமா பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். கீழே.

சுவரில் அது மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

மிச்சம் மூன்றையும் முடித்துவிட்டு லீமா கையைத் தொங்கவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று அமுதவல்லிக்குத் தெரிந்தது. ஆனால் சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை.

அருள்பிரகாசம்தான் பேசினார். அவர் கண் கலங்கியிருந்தது. "நான் எழுதின ஒண்ணே ஒண்ணு, அதுவும் பொய்யாப் போச்சேம்மா."

"இல்லங்க சார். நீங்க பார்த்ததத்தான் எழுதினீங்க. இந்தப் பெட்டிய இத்தனை வருஷம் தூக்கிப் போடாம வச்சிருந்தீங்க. அந்தப் பதினாலு பேர்ல ஒருத்தர் உங்க கதவத் தட்டியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

அவர் தலையாட்டினார், சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை. பிறகு பழைய வேலையின் பழக்கத்தில் லீமாவின் பக்கம் திரும்பினார். "லீமா, இவ்வளவு தூரம் வந்துட்டே. இப்போ கண்ணத் தொறந்து, பார்த்துச் சொல்லு. அன்னைக்கு விட்டதை நானும் இன்னைக்காவது முடிச்சிடறேன்."

லீமா கண்ணைத் திறந்தாள். நேரே பார்த்தாள். பிறகு கொஞ்சம் இடது பக்கமாகத் தலையைத் திருப்பினாள்.

"எந்தச் செவுத்துல மாட்டியிருக்கீங்க சார்?"

கலையரசன் போனை இறக்கினான்.

ஜெர்லின் அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். "ரெண்டு மாசம் முன்ன நான் கேட்டப்ப நல்லாத் தெரியுதுன்னு சொன்னியேம்மா."

"சொன்னேன். கண்ணு இல்லன்னா நீ என்னை வேலைக்கு உட மாட்டே. உன் படிப்பு முடியட்டும்னு இருந்தேன்."

"எல்லாருக்கும் சார்ட்டு வச்சுப் பார்த்தேன் மேடம்" என்றாள் ஜெர்லின், திரும்பிப் பார்க்காமலே. "திடீர்னு போய் நின்னேன், முன்கூட்டி யாருக்கும் சொல்லல. எல்லாம் ஒழுங்கா செஞ்சேன். எங்கம்மாவ மட்டும் வாயால கேட்டு எழுதிட்டேன். அம்மாதானேன்னு."

எந்த நூலகத்திலும் இதற்கு ஒரு விதி எழுதி மாட்டியதாக அமுதவல்லிக்கு நினைவில்லை. மணியை மட்டும் பார்த்தாள். நாலு இருபது.

"எழுத ஆரம்பிம்மா. நேரம் போவுது."

ஜெர்லின் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். நூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் கலையரசன் படம் எடுத்தான். பெயரும் கையெழுத்தும் இருந்த இடங்களை அருள்பிரகாசம் தன் உள்ளங்கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டார். முதல் படிவத்துக்கு மட்டும் கையை எடுத்துவிட்டார்.

ஐந்தாக ஏழு நிமிஷம் இருக்கும்போது லீமா கேட்டாள். "உன் கணக்குல என்னை எந்தப் பக்கம் எழுதியிருக்கே?"

"நல்லாத் தெரியறவங்க பக்கம்மா."

"மாத்து."

ஜெர்லின் அட்டவணையைத் திறந்து அந்த வரியைத் தேடி மாற்றினாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் லீமா. பள்ளிக்கூட நாளிலிருந்து மார்க் ஷீட்டோ, ஹால் டிக்கெட்டோ, எது வந்தாலும் முதலில் அவளிடம் காட்டித்தான் ஜெர்லினுக்குப் பழக்கம். அதே பழக்கத்தில் லேப்டாப்பை அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

"மாத்திட்டேன்மா. சரியா இருக்குதான்னு பாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. திருப்பிய கை அப்படியே நின்றுவிட்டது.

லீமா கையை நீட்டித் தடவி, மகளின் முழங்காலைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படி. நான் கேக்கறேன்."

ஜெர்லின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.